ஆப்பசைத்த குரங்கும் குணா குகையும்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் ஜெயமங்கலம். பெரியகுளத்துக்குப் பக்கம், வராக நதி ஓரம். வடக்கே நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை, இந்தப் பக்கம் திரும்பினால் வைகை அணை. இரண்டுக்கும் நடுவில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் நாங்களும்.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் மாமா வீட்டு டிவி முன்னால் சாய்ந்திருந்தோம். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. பையன் குழிக்குள் விழுகிற காட்சி. அத்தை "அய்யய்யோ" என்று வாயில் கை வைத்தார். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஆப்பசைச்ச கொரங்கு மாதிரி கொழுப்பெடுத்துப் போறது, சிக்கிக்கிறது. அப்பறம் கவர்மெண்டு வந்து தூக்கணும். கெடடா அங்கனேன்னு விட்டுட்டு வரணும்டா இவனுகள."

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாமா பையனும் திறக்கவில்லை. எங்கள் இருவருக்கும் ஏன் வாய் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்று பேசாமல் இருந்ததற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குரங்கு. மரம் அறுப்பவர்கள் பாதி பிளந்த மரத்தில் ஆப்பு அடித்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். குரங்கு வந்து பிளவின்மேல் உட்காருகிறது, வால் உள்ளே தொங்குகிறது, ஆப்பை ஆட்டிப் பிடுங்குகிறது, பிளவு மூடிக்கொள்கிறது. தேவையில்லாத வேலையில் தலையிடாதே என்று நீதி சொல்லி வாத்தியார் முடித்துவிடுவார். எனக்கு அப்போதிருந்தே ஒரு சந்தேகம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த மரம் அறுப்பவர்கள் என்ன செய்தார்கள்? ஆப்பைத் திரும்ப அடித்தால் பிளவு விரியும், வால் வந்துவிடும். இரண்டு நிமிட வேலை. கதையில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குரங்கு முட்டாள் என்று நிரூபித்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் எவனாவது பாறையில் மாட்டிக்கொண்டால் நாம் பேசுவதும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

இப்போது குணா குகை. எங்கள் மலை மேல்தான் இருக்கிறது. 1821-ல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்த காலத்திலிருந்து அதற்கு 'பிசாசின் சமையலறை' என்று பெயர். 1991-ல் கமல் படம் வந்த பிறகு குணா குகை. பக்கத்தில் நானூறு அடி உயரத்துக்கு நிற்கும் தூண் பாறைகளும் இந்தக் குகையும் ஒரே கல்தான், ஒரே விரிசல்தான். பழனி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. (கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் இந்தப் பெயர். அந்தக் கல்லும் நம்ம சென்னைப் பக்கம் வெட்டியதுதானாம்.) இந்தப் பாறை செங்குத்தாக வெடிக்கும். வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, லட்சக்கணக்கான வருடங்களில் அரித்து அரித்து, ஒரு விரல் நுழையும் விரிசல் ஒரு ஆள் நுழையும் இடுக்காகும். மேலே சோலை மரத்தின் வேர் பரவி, இலை மூடிவிட்டால், பார்ப்பதற்குத் தரை மாதிரியே இருக்கும். கால் வைத்தால்தான் தரை இல்லை என்று தெரியும்.

2006-ல் கொச்சிப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து வந்த பையன்களில் ஒருவன் அப்படித்தான் உள்ளே போனான். வந்த போலீசும் தீயணைப்புத் துறையும் உள்ளே இறங்கத் தயங்கியபோது, கூட வந்த நண்பன் நான் போகிறேன் என்று கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தான். பிறகு அவனுக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தார்கள். உதவி கேட்டுப் போன இடத்தில் தங்களுக்கு அடி விழுந்தது என்று அந்தப் பையன்கள் பின்னாளில் சொன்னார்கள். தடை செய்யப்பட்ட இடத்துக்கு ஏன் போனீர்கள் என்ற கேள்விக்குத்தான் அந்த அடி.

பதக்கம் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். இறங்கிய பையனுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. வடம் இழுத்துப் பழகிய கைகள் மேலே இருந்தன, நட்பு இருந்தது, அதிர்ஷ்டம் இருந்தது. ஒரு அரசாங்கம் பயிற்சி பெற்ற ஆளை இறக்காமல் டூரிஸ்ட்டை இறக்கிவிட்டுப் பிறகு பதக்கம் கொடுத்தது என்றும் இதைச் சொல்லலாமில்லையா? படம் பார்த்துவிட்டு நாம் எல்லோரும் அழுதோம். கைதட்டினோம். அடுத்து ஒருவன் விழுந்தால் யார் இறங்குவார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

நாம் செய்தது வேலி போட்டது. கம்பி போட்டு அடைத்தாயிற்று, தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கலாம். 2024 பிப்ரவரியில் படம் வந்தது, கூட்டம் குவிந்தது, மார்ச்சிலேயே வேலியைத் தாண்டி உள்ளே போன மூன்று இளைஞர்களை வனத்துறை கைது செய்ததாகச் செய்தி வந்தது. வேலி இருந்தும் போனார்கள் என்பது ஒரு விஷயம். உள்ளே அவர்களில் ஒருவன் விழுந்திருந்தால்? வெளியே நிற்கும் இரண்டு பேர் போன் போடுவார்களா, அல்லது கைதுக்குப் பயந்து ஓடுவார்களா? என் வாதத்தின் முள் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

"கேரளாக்காரன்தான் வந்து விழுகிறான்" என்று நினைப்பவர்களுக்கு: நம்மைச் சுற்றி எல்லா மாநிலத்திலும் விழுகிறார்கள். 2022-ம் வருடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா பக்கம் குறும்பாச்சி மலையில் ஒரு இளைஞன் சறுக்கி, செங்குத்தான பாறையில் ஒரு சின்னப் பிளவில் போய் உட்கார்ந்துவிட்டான். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தது, நெருங்க முடியாமல் திரும்பியது. இரண்டு ராத்திரி. ஒரு சொட்டுத் தண்ணீர் அவனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. கடைசியில் 9-ம் தேதி காலையில் ராணுவ வீரர்கள் மேலிருந்து கயிற்றில் இறங்கித் தூக்கினார்கள். அந்த ராணுவம் எங்கிருந்து வந்தது? ஒரு குழு நம்ம நீலகிரி வெலிங்டனிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டில் போனது. இன்னொன்று பெங்களூரிலிருந்து சூலூருக்கு விமானத்தில் வந்து இறங்கிப் போனது. அதே பிப்ரவரியில் நந்தி மலையில் சறுக்கி விழுந்து பாறையில் தொத்திக்கொண்ட ஒரு கல்லூரி மாணவனை விமானப்படை ஹெலிகாப்டர் தூக்கியது.

அந்த டிசம்பரில் நடந்ததுதான் அகல இடுக்குக்கு அசல் உதாரணம். தெலுங்கானாவில் காமாரெட்டி மாவட்டத்துக் காட்டில் ஒருவருடைய செல்போன் பாறைகளுக்கு நடுவில் விழுந்தது. எடுக்கக் குனிந்து நுழைந்தவர் தலைகீழாக மாட்டிக்கொண்டார். ஜேசிபி வந்து, பாறையை வெடி வைத்து உடைத்து, நாற்பது மணி நேரத்துக்கு மேல் கழித்து உயிரோடு எடுத்தார்கள். கொழுப்பெடுத்து மலையேறப் போனவர் அல்ல. செல்போனை எடுக்கப் போனவர். மாமாவும் செல்போன் விழுந்தால் குனிவார்தானே?

இவை மூன்றும் டிசம்பர், பிப்ரவரியில் நடந்தவை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நம் ஊரில் பாறை ஏறும் காலமே இதுதான். வெயில் காலத்தில் கல்லில் கை வைத்தால் தோசைக்கல். ஐப்பசி கார்த்திகையில் அடை மழை. மார்கழி பிறந்தால் வானம் தெளியும், லீவு விடுவார்கள், வெயில் சுகமாக இருக்கும், பையன்கள் கிளம்புவார்கள். ஆனால் வெளிப்பாறை காய்ந்த பிறகும் இடுக்கு காயாது. மழைத் தண்ணீருக்கு வழியே அதுதான். வெயில் உள்ளே எட்டாது. வெளியே பார்த்தால் மொறமொறவென்று காய்ந்த கல், உள்ளே கை விட்டால் பாசி. பனி வேறு. ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கொடைக்கானல் உயரத்தில் மார்கழி தை ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும். கல்லோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் உடம்பின் சூட்டைக் கல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காற்று உறிஞ்சுவதைவிட வேகமாக.

சரி, இடுக்கில் மாட்டுவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். மலையேறுபவர்களின் கணக்கில் விரிசல்களுக்கு அளவு உண்டு. விரல் போகும் விரிசல், கை போகும் விரிசல், முஷ்டி போகும் விரிசல். இவற்றில் கையைச் செருகி மடக்கினால் பூட்டு மாதிரி நிற்கும். ஆள் முழுதாக நுழையும் அகலம் இருந்தால் அது சிம்னி. முதுகை ஒரு சுவரில் வைத்து, காலை எதிர்ச் சுவரில் உதைத்து மேலே போகலாம். நம்ம ஊரில் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க இறங்குகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டு. முஷ்டிக்குப் பெரிசு, உடம்புக்குச் சிறிசு. ஒரு தோள், ஒரு கை, ஒரு கால் மட்டும் உள்ளே போகும். இதற்கு ஆஃப்விட்த் என்று பெயர். எந்தக் கணக்கிலும் சேராத அகலம் என்று அர்த்தம். உலகத்தில் மலையேறுபவர்களே வெறுக்கிற அகலம் இது. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் வேடவூ என்ற இடம் இந்த வகை இடுக்குகளுக்கே பேர் போனது. யூட்டாவில் பாறைக் கூரையின் அடியில் தலைகீழாகப் போகும் செஞ்சுரி கிராக் என்ற இடுக்கை ஏற, இங்கிலாந்தைச் சேர்ந்த டாம் ராண்டல், பீட் விட்டேக்கர் என்ற இரண்டு பேர் தங்கள் வீட்டு நிலவறையில் மரப்பலகையால் இடுக்கு செய்து, இரண்டு வருடம் அதில் தொங்கிப் பயிற்சி எடுத்து, 2011-ல் ஏறினார்கள். பைத்தியம் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு மாட்டிக்கொண்டால் எப்படி வெளியே வருவது என்று தெரியும்.

அந்த வித்தையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முழங்காலை மடக்கினால் தொடைத் தசை புடைக்கும், அகலம் கூடும். நீட்டித் தளர்த்தினால் குறையும். மாட்டியவன் பயத்தில் காலை மடக்கி வெட்டி வெட்டி இழுப்பான். இழுக்க இழுக்கத் தசை புடைக்கும், வீங்கும், இன்னும் இறுகும். நெஞ்சு மாட்டினால் இன்னும் மோசம். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கி உடம்பு கொஞ்சம் கீழே இறங்கும், இழுக்கும்போது இறுகும். பயந்து வேகமாக மூச்சு வாங்குகிறவன் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆழமாகப் போகிறான். ஆப்பு இறங்குவது மாதிரி. தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் முதலில் செய்வது கீழே இறங்காமல் தாங்கிப் பிடிப்பது. அப்புறம் பேச்சுக் கொடுத்து மூச்சை மெதுவாக்குவது. அப்புறம் வழுக்குவதற்கு எதையாவது ஊற்றுவது. கடைசியாக, போன வழியிலேயே, போன கோணத்திலேயே திரும்பக் கொண்டுவருவது. நெடுநேரம் நசுங்கிக் கிடந்த காலை விடுவிக்கும்போது அங்கே தேங்கிய நஞ்சு ஒரேயடியாக ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தலாம். அதனால் டாக்டரும் பக்கத்தில் வேண்டும். இதில் எதையாவது எங்கள் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித் தந்தார்களா? குரங்குக் கதை சொல்லித் தந்தார்கள்.

இனி என் கதை. பத்தாவது படித்தபோது அரையாண்டு லீவு. மார்கழி. நானும் மாமா பையனும் வீட்டில் டியூஷன் என்று சொல்லிவிட்டு மலையடிவாரத்துப் பாறைக்குப் போனோம். எங்கே என்று சொல்ல மாட்டேன், போய் நிற்பீர்கள். இரண்டு பாறை சாய்ந்து நிற்கும், நடுவில் இடுக்கு. அதன் வழியாக மேலே ஏறினால் உச்சியில் உட்காரலாம். முக்கால்வாசி ஏறியபோது உள்ளே பாசியில் வலது கால் வழுக்கி, முழங்கால் வரை இடுக்கில் இறங்கி நின்றுவிட்டது. வரவில்லை. இழுத்தேன். இழுத்தேன். அரை மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

"மச்சான், ஊருக்குள்ள போய் யாரையாச்சும் கூட்டிட்டு வாடா" என்றேன். அவன் இறங்கினான். ஓடினான். வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெயில் சாய ஆரம்பித்தது. காலில் உணர்வு போய்விட்டது. எனக்கு அன்று சாவு பற்றிப் பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. அதைவிட அதிகமாக வந்த பயம் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்பது. பதினைந்து வயதில் மனுஷ மூளை அப்படித்தான் வேலை செய்கிறது.

கடைசியில் வந்தது ஆடு மேய்க்கும் ஒரு தாத்தா. மச்சான் கூட்டிவரவில்லை, நான் அழுத சத்தம் கேட்டு அவராக வந்தார். திட்டவே இல்லை. அந்த வயதிலும் வெறுங்காலோடு ஏறி வந்து, என் அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "இழுக்காதய்யா. இழுத்தா கல்லு விடாது. மூச்ச மெதுவா விடு. கால நீட்டு, செத்த காலு மாதிரி வச்சுக்க" என்றார். தூக்குவாளியில் மிச்சம் இருந்த கஞ்சித் தண்ணியை இடுக்கில் தொடையோரமாக ஊற்றினார். வழவழவென்று இறங்கியது. அவர் என்னை மேலே இழுக்கவில்லை, பக்கவாட்டில் அகலமான பக்கமாகச் சாய்த்தார். கால் வந்துவிட்டது. தோல் பாதி அங்கேயே இருந்தது. மேலே நான் எழுதியிருக்கிற ஆஃப்விட்த் சாஸ்திரம் முழுக்க அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஆட்டுக்குட்டி மாட்டி மாட்டிப் பழக்கமாம். அமெரிக்காக்காரர்கள் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நம்மாள் கஞ்சி.

கீழே இறங்கியபோது மச்சானைக் கண்டுபிடித்தோம். ஊருக்குப் போகும் பாதையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஊர் வரைக்கும் போயிருக்கிறான். வீட்டு வாசலில் மாமாவைப் பார்த்திருக்கிறான். சொல்ல வாய் வரவில்லை, திரும்பிவிட்டான். பாதி வழியில் கால் ஓடவில்லை.

கோழை என்று நான் பல வருடம் அவனை மனசுக்குள் திட்டினேன். இப்போது திட்டுவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தை அவன் வீணாக்கவில்லை. நாம் வீணாக்கினோம். "கொழுப்பெடுத்தவன்", "கெடக்கட்டும்", "தோலை உரிச்சிருவேன்" என்று சிக்கியவனைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையன் அவன். தாத்தா வராமல் போயிருந்தால், மார்கழிப் பனியில், மலையடிவாரத்தில், ராத்திரி முழுக்க நான் கிடந்திருப்பேன். பாறை இடுக்கில் மாட்டியவனைக் காப்பாற்றுவதில் நேரம்தான் எல்லாம். முதல் ஒரு மணி நேரத்தில் கஞ்சித் தண்ணியில் வருகிற கால், வீங்கிய பிறகு வெடி வைத்தாலும் வராது. அந்த முதல் மணி நேரத்தைத் தின்பது பயம். பாறை மீதான பயம் இல்லை, நம் வாய் மீதான பயம். அப்புறம் போலீஸ் வழக்கு மீதான பயம்.

மலம்புழாவில் நடந்த கூத்தைப் பாருங்கள். பையனைத் தூக்கியவுடன் அத்துமீறல் வழக்கு என்றார்கள். மந்திரி தலையிட்டு வேண்டாம் என்றார். சில நாட்களில் இன்னொருவர் அதே மலையில் ஏறவும், சலுகை கொடுத்தால் எல்லோரும் ஏறுவார்கள் என்று வழக்குப் பதிவானது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த தடவை மாட்டுகிறவனின் நண்பர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு விலை உண்டு. வழக்கே போடாதே என்று சொல்லவில்லை. தானாக முன்வந்து உதவி கேட்பவன் மீது வழக்கு இல்லை என்று ஒரு உத்தரவு போடுங்கள் என்கிறேன். ரோட்டில் விபத்துக்குள்ளானவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறவரை போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது என்று சட்டம் வந்த பிறகுதானே பயமில்லாமல் தூக்க ஆரம்பித்தோம்?

எதிர்க்கட்சி வக்கீல் இப்போது எழுந்திருப்பார். "தம்பி, குரங்கணி ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. எங்கள் தேனி மாவட்டம்தானே. 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதைச் சொல்லித்தான் எந்தப் பையன் எந்த மலையைப் பார்த்தாலும் இன்றைக்கும் பெரியவர்கள் கையை ஓங்குகிறார்கள். ஆனால் குரங்கணி என்ன சொல்லித் தந்தது? ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் மேலே ஓடியது குரங்கணி ஜனங்கள். போர்வையைத் தூளி மாதிரி கட்டி, கருகிய உடம்புகளை இருட்டில் சுமந்து இறங்கியது அவர்கள். மலையைத் தெரிந்த ஆள்தான் முதலில் போய்ச் சேர்கிறான். அதற்குப் பிறகு அரசு விதிமுறை கொண்டுவந்தது, 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தது. குரங்கணி சாம்பலாறு பாதையும் அதில் ஒன்று. உள்ளூர் ஆட்களையே வழிகாட்டியாக வைத்து, தீ பிடிக்கிற காலத்தில் மூடி, ஒழுங்காகச் செய்கிறார்கள். பாராட்டுகிறேன். பூட்டியே வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? ஆனால் அது நடைப்பாதை. பாறையில், இடுக்கில், மாட்டியவனுக்கு அதில் பதில் இல்லை.

"அமெரிக்காவிலேயே குகையை சிமெண்ட் போட்டு மூடினானே" என்பார்கள். ஆமாம். யூட்டாவில் நட்டி புட்டி குகையில் 2009 நவம்பரில் ஒரு மருத்துவ மாணவர் தலைகீழாக மாட்டி, ஒரு நாளுக்கு மேல் போராடி இறந்தார். உடலை எடுக்க முடியாமல் குகையையே மூடிவிட்டார்கள். ஆனால் மூடுவதற்கு முன்னால் நூறு பேருக்கு மேல் கயிறும் கப்பியும் வைத்துக்கொண்டு முயற்சி செய்தார்கள். அவர்கள் தோற்ற பிறகு மூடினார்கள். நாம் முயற்சி செய்யக் கற்றுக்கொள்ளாமலே மூடுகிறோம். அதே யூட்டாவில் 2003-ல் ஆரன் ரால்ஸ்டன் கை பாறையில் சிக்கி, ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கையைத் தானே வெட்டிக்கொண்டு வந்தார். நம்ம ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' அவர் கதைதான். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போனதுதான் அவர் செய்த தப்பு. அவர் சோம்பலில் சொல்லவில்லை. நம் பையன்கள் பயத்தில் சொல்வதில்லை. முடிவு ஒன்றுதான்.

கண்ணாடிப் பாட்டிலைப் பாறையில் உடைப்பவனுக்கும், மரத்தில் காதலி பெயரைச் செதுக்குபவனுக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவன்மீது எத்தனை வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், சாட்சி சொல்ல நான் வருகிறேன் :-) ஆனால் அவனும் இடுக்கில் மாட்டினால் முதலில் தூக்க வேண்டும். அப்புறம் வழக்கு.

தூக்க யார் இருக்கிறார்கள்? இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகப் பாறைத் தேன் எடுக்கும் பளியர்கள் இருக்கிறார்கள். செங்குத்துப் பாறையில் தொங்கி வேலை செய்யத் தெரிந்த அந்தப் பையன்களில் தாலுகாவுக்குப் பத்துப் பேரை எடுத்து, தீயணைப்புத் துறையோடு சேர்த்து, நல்ல கயிறு, இடுப்புப் பட்டை, கப்பி கொடுத்து, வெலிங்டன் ராணுவத்தாரை வருடம் ஒரு மாதம் வந்து பயிற்சி கொடுக்கச் சொன்னால் என்ன? சம்பளத்தோடு, காப்பீட்டோடு. சும்மா சமூக சேவை என்று ஏமாற்றாமல். கிணற்றுக் கயிறு பாறை முனையில் அறுபடும், மீட்புக்கு என்று தனிக் கயிறு உண்டு. வேலிக்கு டெண்டர் விடத் தெரிந்தவர்களுக்குக் கயிற்றுக்கு விடத் தெரியாதா? 2019-ல் மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக நாலு நாள் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததே, என்னென்னவோ கருவிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பார்த்தார்களே. அன்று பட்ட பாடு ஞாபகம் இருந்தால் போதும், இதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டுப் பொங்கல் ராத்திரி மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினேன். தழும்பு இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரத்தையும் சேர்த்து. மாமா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைக் கூடத் துப்பவில்லை.

"ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா என்ன மாமா பண்ணிருப்பீங்க?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சான் போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அந்த மார்கழியில ஒரு நா ராத்திரி சோறு வேணாம்னு படுத்துக்கிட்டான். காய்ச்சலாக்கும்னு நெனச்சு மாத்திரை குடுத்தேன்" என்றார்.